செல்லக்கிளியைச் சாய்த்த அலை

முகத்துறைக் கழிமுகத்தில் ஓர் அலை அடங்காமல் போன கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் அலையிலிருந்துதான் தொடங்குவார்கள், அது இடுப்பு உயரம் இருந்தது, ஒரு படகு நீளம் இருந்தது, காற்றே இல்லாத நாளிலும் தன்பாட்டுக்குத் திரிந்தது என்பார்கள், கேட்கிறவர்களும் வாயைப் பிளந்து கேட்பார்கள், ஆனால் அந்த அலையைக் கிளப்பிவிட்ட படகைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள், அதை ஓட்டியவனைப் பற்றியும் ஓட்டச் சொன்னவரைப் பற்றியும் பேச மாட்டார்கள். அதனால் இங்கே படகிலிருந்தே தொடங்குவோம்.

செந்தாறு கடலோடு சேருமிடத்தில் கழிமுகம் ஊரைவிடப் பெரிதாக அகன்று கிடக்கிறது. ஒரு கரையில் அலையாத்திக் காடு, மறு கரையில் முகத்துறை, நடுவே மேடும் பள்ளமுமான சேற்றுத்தரை, அதை அறுத்துக்கொண்டு ஆளை விழுங்கும் ஆழத்தில் ஒரு கால்வாய். தண்ணீர் வற்றும் நேரத்தில் இருளர் தெருப் பெண்கள் மார்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும் என்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைக் கூடையை, அதற்குப் பறி என்று பேர், பல்லால் கவ்விக்கொள்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தலைகள் மட்டும் தெரியும். அந்தத் தலைகளைக் கண்டால் வலைக்காரர்கள் எட்டத்திலேயே துடுப்பை நிறுத்தி, படகைத் தண்ணீர் போக்கில் விட்டு, சுற்றிக்கொண்டு போவார்கள். யாரும் சட்டம் போட்டு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை, ரோட்டில் எதிரே வருகிறவருக்கு ஒதுங்குகிற மாதிரி அது பழகிப்போன ஒன்று.

அப்புறம் ஞானசுந்தரம் படகுக் குழாம் ஆரம்பித்தார். வெளியூர் ஜனம் தண்ணீரைப் பார்க்க வந்தது. அதில் ஒரு தப்பும் இல்லை, தண்ணீர் எல்லாருக்கும் பொது, மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பினால் காட்டையும் பார்க்கலாம், கூழைக்கடாவையும் பார்க்கலாம், கொண்டுபோன உயிரோடு வீடும் போய்ச் சேரலாம். ஆனால் மெதுவாகப் போகிறவர்களை ஞானசுந்தரத்துக்குப் பிடிக்கவில்லை. ராக்கெட் என்று பேர் எழுதிய சிவப்பு ஸ்பீடு போட் ஒன்றை வாங்கிவந்து, மீனவத் தெரு கவியரசனை அதற்கு டிரைவராக வைத்து, ‘ரவுண்டு அடிக்கிறது’ என்று ஒன்றைப் பழக்கினார். முழு வேகத்தில் போய், திடுமெனத் திருப்பி, தண்ணீரைச் சுவர் மாதிரி எழுப்பி, உட்கார்ந்திருப்பவர்களை அலற வைப்பதுதான் ரவுண்டு. லைஃப் ஜாக்கெட்டுகள் இருந்தன, ஷெட்டுக்குள் மூட்டையாக. போட்டோவில் அழகாக வராது என்று ஜனம் கேட்காது, நாற்றமடிக்கிறது என்று குழாம் கொடுக்காது.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, காசாம்புவும் அவள் தங்கை செல்லக்கிளியும் கால்வாய் ஓரத்து மேட்டில் தடவிக்கொண்டிருந்தபோது ராக்கெட் வந்தது. காசாம்பு அதைப் பார்த்தாள். கவியரசனும் அவர்களைப் பார்த்தான், பார்த்ததை அவள் பார்த்தாள், ஏனென்றால் அவன் கண் அவள் கண்ணில் பட்டு விலகியது. படகில் இருந்த யாரோ ‘இன்னும், இன்னும்’ என்று கத்த, படகு திரும்ப, அலை எழும்பி வந்து அக்காளையும் தங்கையையும் சேர்த்து அடித்தது. காசாம்பு மேட்டுப் பக்கம் விழுந்தாள். செல்லக்கிளி கால்வாய்ப் பக்கம் விழுந்தாள். பறியைக் கவ்வியிருந்ததால் அவளால் கத்தக்கூட முடியவில்லை. படகு போய்விட்டது, அலறலும் சிரிப்பும் அதோடு போய்விட்டன, தண்ணீர் வடிந்தபோது அலையாத்தி வேர்களுக்கு நடுவே அவளை எடுத்தார்கள். பறி அப்போதும் பல்லிலேயே இருந்தது.

விசாரிக்க வந்தவர்கள் இறால் பிடிக்கையில் கால் தவறி விழுந்து செத்தாள் என்று எழுதிக்கொண்டு, குழாம் வாசலில் இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். காசாம்பு கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. அவளும் தவறித்தான் விழுந்திருப்பாள், அதிர்ச்சியில் பேசுகிறாள் என்றார்கள்.

அலை மட்டும் அடங்கவில்லை.

முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை, இரண்டாம் நாள் வலைக்காரர்கள் கவனித்தார்கள், அந்த வாரம் முடிவதற்குள் ஊரே கரைக்கு வந்து பார்த்துவிட்டது. ராக்கெட் எழுப்பிய அலை கரையில் மோதி உடைய வேண்டியது, உடையாமல் திரும்பி, காட்டுப் பக்கம் போய் அங்கேயும் உடையாமல் திரும்பி, ஏற்றத்தில் ஏற்றத்துக்கு எதிராகவும் வற்றத்தில் வற்றத்துக்கு எதிராகவும், கன்றைத் தொலைத்த மாடு மாதிரி கழிமுகம் முழுக்க அலைந்தது. அலையை ஆற்றுகிற காடு என்று அந்தக் காட்டுக்குப் பேர் வைத்தவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும், அத்தனை வேரும் சேர்ந்து அதை ஒரு விரல் அளவுகூட ஆற்றவில்லை.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, ஊருக்கு எது பழகாது? பள்ளிக்கூடப் பிள்ளைகளை அக்கரைக்குக் கொண்டுபோகிற ஓடக்காரர் அலை கடக்கும்வரை காத்திருந்து, ‘போயிடுச்சு, ஏறுங்க’ என்று சொல்லப் பழகினார். வலைக்காரர்கள் அதன் வழியை விட்டு வலை கட்டினார்கள். நீர்க்காகங்கள் அதன் முதுகில் வரிசையாக உட்கார்ந்து சவாரி போயின. கருவிகளோடு வந்த சிலர் அலைக்குள் எதையோ விட்டு அளந்து, இந்த மாதிரி ஆவதற்கு வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள், அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோதே அலை அவர்கள் பின்னால் போனது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த உறவுக்காரர்கள் சாப்பிட்ட கையோடு ‘வாங்க, அலையப் பாத்துட்டு வரலாம்’ என்று கிளம்பினார்கள். ஞானசுந்தரம் அலை பார்க்கும் சவாரி விட்டார்.

அலை தினமும் காலையில் குழாமின் படகுத்துறைக்கு வந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போகும். அதைப் பார்த்துத்தான் பூசாரி அய்யாக்கண்ணுவுக்கு அருள் வந்தது. அகாலமாகச் செத்தவளைச் சாமியாக்கிக் கும்பிடுவது முகத்துறைக்குப் புதிதல்ல, ஊரைச் சுற்றி இருக்கிற அம்மன்களில் பாதிப்பேர் யாராலோ கொல்லப்பட்ட பெண்கள்தாம், யார் கொன்றது என்பது மறந்துபோய், சூலமும் மஞ்சள் சேலையும் மட்டும் மிச்சமாகி நிற்கிறார்கள்.

“அலையா வர்றது செல்லக்கிளிதான்! பூசை கேட்டு வர்றா! படகுத்துறையிலதான் எடம் கேக்குறா!” என்று பூசாரி ஆடினார்.

கல்லை நட்டார்கள். மஞ்சள் சேலை கட்டினார்கள். செல்லக்கிளியின் ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டு மாட்டினார்கள். மேலே தகரக் கூரைக்கு ஞானசுந்தரம்தான் உபயம், கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்தார். பிள்ளை இல்லாதவர்கள் வளையல் கட்டினார்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் பேனா வைத்தார்கள், ரவுண்டு அடிக்கப் போகிறவர்கள் கற்பூரம் ஏற்றிவிட்டு லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகு ஏறினார்கள். ஆமாம், குழாமின் மற்றப் படகுகள் ரவுண்டு அடித்துக்கொண்டுதான் இருந்தன. ராக்கெட் மட்டும் ஷெட்டுக்குள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

காசாம்புவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெருவில் நடந்தால் ‘அம்மனோட அக்கா’ என்று கும்பிட்டார்கள். அவள் பேச வாயெடுத்தால் திருநீறு நீட்டினார்கள். உயிரோடு இருந்தபோது செல்லக்கிளியைக் கடை வாசலில் நிற்கவைத்து இறாலை எட்டி வாங்கியவர்கள், செத்தபின் விழுந்து விழுந்து கும்பிட்டார்கள். இதைவிட என் தங்கச்சியைத் திட்டுங்கள், அதை நான் தாங்கிக்கொள்வேன் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு நாள் அவள் அலைக்குள் போய் நின்றாள். எல்லாரும் எட்ட நின்று கும்பிட்ட அலையின் வழியில் மார்பளவு தண்ணீரில் நின்றாள், அது வந்து அவளைச் சூழ்ந்து, தூக்கி, இறக்கி, கடந்து போனது. செல்லக்கிளியின் தலையெண்ணெய் வாசனை அவளுக்குத் தெரியும், வெற்றிலை வாசனை தெரியும், ஈரப் பாவாடையின் வாசனை தெரியும். அலையில் அதில் எதுவும் இல்லை. பெட்ரோல் வாசனை இருந்தது. தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தது. அவள் கரையேறி நேராகக் கோயிலுக்குப் போய், பூசைக்கு நின்ற கூட்டத்துக்கு நடுவே நின்று கத்தினாள்.

“அது என் தங்கச்சி இல்ல! போய் மோந்து பாருங்க! அது அந்தப் படகு போட்ட அலை! அது பூசைக்கா வருது? ஷெட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கிற படகைத் தேடி வருது! குறுக்க ஒரு கல்லை நட்டுட்டுக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீங்களே, ஒங்களுக்கெல்லாம் கண்ணு எங்க இருக்கு?”

“காசாம்பு, அம்மன் சந்நிதியில சத்தம் போடாத” என்றார் பூசாரி.

“அவ அம்மன் இல்லய்யா! எனக்குப் பொறவு பொறந்தவ! மூக்கொழுகிக்கிட்டு என் பின்னாலயே திரிஞ்சவ!”

ஞானசுந்தரம் அவளை ஓரமாக அழைத்துப்போய் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“பாரும்மா, ஒன் வருத்தம் எனக்குப் புரியுது. கூரையை எடுத்துட்டுக் கோபுரமே கட்டித் தர்றேன். ஒன் தங்கச்சி பேரு நெலைச்சு நிக்கும்.”

“கோபுரம் வேணாம். வேகத்தைக் கொறைங்க. நாங்க தண்ணியில நிக்கிற எடத்துல மெதுவாப் போகச் சொல்லுங்க. ஏறுற ஆளுக்கெல்லாம் ஜாக்கெட்டு மாட்டி விடுங்க. இன்னாரு படகு அடிச்சுத்தான் அவ செத்தான்னு ஊரு முன்னால சொல்லுங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

“வேகம் இல்லாட்டி எவம்மா வருவான் இங்க?”

“எவனும் வர வேணாம்!”

“கோயிலுக்கு வர்ற கூட்டத்துல ஒங்க தெருவுக்கும் பொழப்பு நடக்குதில்ல? யோசிச்சுப் பேசு” என்று சொல்லிச் சிரித்தார். காசாம்பு அந்தச் சிரிப்பை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

சித்திரையில் திருவிழா வைத்தார்கள். அன்று ராக்கெட்டைத் திரும்பவும் தண்ணீரில் இறக்குவதாக ஏற்பாடு. சிவப்பை அழித்து மஞ்சள் அடித்திருந்தார்கள், முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘அருள்மிகு செல்லக்கிளி அம்மன்’ என்று எழுதியிருந்தார்கள். கொன்ற படகுக்குச் செத்தவள் பேர்! ஊரில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை, என்ன பொருத்தம் என்று மெச்சினார்கள். ஞானசுந்தரம் குடும்பத்தோடு ஏறினார், பட்டுச்சேலைகள் ஏறின, விருந்தாளிகள் ஏறினார்கள், மடியில் குழந்தைகளோடு ஏறினார்கள், எட்டுப் பேர் போகிற படகில் அதைப்போல இரண்டு மடங்கு. ஒருவர் மேலும் ஜாக்கெட் இல்லை. கவியரசன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். செல்லக்கிளி செத்த நாளிலிருந்தே அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அம்மனுடைய அக்காதான் தேங்காய் உடைக்க வேண்டும் என்று காசாம்புவைக் கூப்பிட்டார்கள். அவள் தேங்காயை வாங்கினாள், படகின் பேரைப் படித்துக் காட்டச் சொன்னாள், கேட்டாள், தேங்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு, படியோரம் கவிழ்த்து வைத்திருந்த பறியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

“எங்க போற?” என்றார் பூசாரி.

“வத்தம் வந்துடுச்சு. இறால் தடவப் போறேன்.”

அவள் இருளர் தெருப் பெண்களைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு வேண்டா முதலில் இறங்கினாள், பிறகு மற்றவர்கள் தங்கள் பறிகளோடு இறங்கினார்கள், திருவிழாவுக்குக் கட்டிய புதுச்சேலையோடு இறங்கினார்கள், மேட்டோரமாக நடந்து, செல்லக்கிளி நின்ற இடத்தில் வரிசையாகப் போய் நின்றார்கள். பறியைக் கவ்வினார்கள், குனிந்து தடவத் தொடங்கினார்கள். மேளம் அடித்தது, வெடி வெடித்தது, மஞ்சள் படகு துறையை விட்டுக் கிளம்பியது.

“ரவுண்டு ஒண்ணு அடிடா கவி, அம்மன் பேரைச் சொல்லி!” என்று ஞானசுந்தரம் சொன்னது கரைவரைக்கும் கேட்டது. எஞ்சின் உறுமியது.

காட்டோரம் திரிந்துகொண்டிருந்த அலை நின்றது. நீர்க்காகங்கள் அதன் முதுகை விட்டுப் பறந்தன. பெயிண்டை மாற்றினால் மனுஷர்கள் ஏமாறலாம், அலை ஏமாறவில்லை, தன்னைப் போட்ட படகு எது என்று அதற்குத் தெரிந்தது. அதுவரை யாரும் கண்டிராத வேகத்தில் அது வந்தது, படகின் விலாவைக் குறிவைத்து வந்தது. படகுக்கு முன்னால் பெண்களின் தலைகள், பக்கவாட்டில் அலை. அவ்வளவு பாரத்தோடு, அந்த வேகத்தில், விலாவில் வாங்கினால் படகு கவிழும், குழந்தைகள் கால்வாயில் போகும்.

காசாம்புவுக்கு ஒரு கணம் கவிழட்டும் என்றிருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது, அவள் மனதார அப்படி நினைத்தாள். பிறகு பட்டுப்பாவாடை கட்டிய ஒரு குழந்தை படகின் ஓரத்தில் கையை விட்டுத் தண்ணீரை அளைந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். பறியைத் துப்பிவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“டேய்! எஞ்சினைக் கொறைடா! கொறைச்சு மூக்கை அலைக்குத் திருப்பு! மூக்கைக் காட்டுடா!”

வேண்டாவும் பறியைத் துப்பினாள். எல்லாரும் துப்பினார்கள். “மெதுவா! மெதுவா!” என்று அத்தனை வாயும் சேர்ந்து கத்தியதில் மேளக்காரர்கள் அடியை நிறுத்திவிட்டார்கள். ஞானசுந்தரம் “போடா, போ!” என்றார். கவியரசன் அத்தனை நாளைக்கும் சேர்த்து நிமிர்ந்து காசாம்புவின் கண்ணைப் பார்த்தான். வேகத்தைக் குறைத்தான். கால் வட்டம் மெல்லத் திருப்பி மூக்கை அலைக்கு நேரே கொண்டுவந்தான். படகு ஏறியது, ஒரு மூச்சு நேரம் மேலேயே நின்றது, இறங்கியது. யாரும் விழவில்லை. அலை கடந்து போகாமல் படகின் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில், எண்ணெய் மினுக்கோடு எழும்பி நின்றுகொண்டது.

கவியரசன் எஞ்சினை அணைத்தான். படகிலிருந்து குதித்து, கால்வாயை நீந்திக் கடந்து, செல்லக்கிளி நின்ற மேட்டில் மார்பளவில் வந்து நின்றான். கரை முழுக்க ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது.

“நான்தான் அடிச்சேன்” என்றான். “அக்கா, ரெண்டு பேரையும் பாத்தேன். எங்கப்பா துடுப்பை நிறுத்துற எடம்னு தெரியும். பாத்துக்கிட்டே திருப்புனேன். கொறைச்சிருக்கலாம், கொறைக்கல. அவங்க தவறி விழல.”

அலை ஒரு சாண் இறங்கியது. ஒரே ஒரு சாண். எல்லாரும் அதைக் கண்ணால் கண்டார்கள்.

பிறகு எல்லாருடைய கண்களும் ஞானசுந்தரத்திடம் போயின. அவர் படகில் நின்றபடியே கரையிலிருந்த கோயிலைப் பார்த்துக் கைகூப்பி, “எல்லாம் அம்மன் செயல்” என்றார். அலை இறங்கவில்லை. நின்ற உயரத்திலேயே நின்றது.

காசாம்பு கவியரசனை மன்னித்ததாகச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள், பொய். “சொன்னியே, அது போதாது. கால் தவறுச்சுன்னு எழுதிக்கிட்டுப் போனவங்க கிட்டயும் போய் இதையே சொல்லு” என்றுதான் அவள் சொன்னாள், அவன் போய்ச் சொன்னான், எழுதியவர்கள் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அவள் ஈரச்சேலையோடு கோயிலுக்குப் போனாள். தங்கையின் போட்டோவைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கல்லிலிருந்த மஞ்சள் சேலையை உருவிப் பூசாரியின் தோளில் போட்டாள். ஷெட்டிலிருந்து ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் ஒன்றை எடுத்து வந்து கல்லுக்கு மாட்டி, வார்களை இழுத்துக் கட்டினாள். மீதி மூட்டையை அவிழ்த்துத் தகரக் கூரையின் கீழே வரிசையாகத் தொங்கவிட்டாள்.

“கும்பிடுறவங்க கும்பிட்டுக்குங்க, இதை மாட்டாம ஒருத்தனும் படகு ஏறக் கூடாது. என் தங்கச்சி வீட்டுல இருப்பா” என்றாள்.

இப்போதும் முகத்துறைக்குப் போனால் கல் ஜாக்கெட்டோடு நிற்பதைப் பார்க்கலாம். படகுகள் மெதுவாகப் போகின்றன, திருந்தியதால் அல்ல, வேகம் எடுக்கிற படகை அலை எப்படிப் பார்த்தது என்பதை எல்லாரும் கண்டுவிட்டதால். ராக்கெட் ஷெட்டிலேயே கிடந்து மக்குகிறது, ஞானசுந்தரம் அதை விற்கப் பார்த்தார், அந்த அலையோடு சேர்த்து வாங்க ஆள் கிடைக்கவில்லை. அலை தினமும் காலையில் வந்து அவருடைய ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே, துறைப் படிகளில் நிற்கிறது.

ஒரு நாள் அவர் ஜன்னலைத் திறந்து, தண்ணீரில் இறங்கப் போன காசாம்புவைக் கூப்பிட்டார். ஆள் இளைத்திருந்தார்.

“இன்னும் எத்தனை நாளைக்கும்மா இது?”

“என்னைக் கேட்டா? வாசல்ல நிக்குதே, அதுகிட்டச் சொல்லுங்க. ‘நான்தான் அடிக்கச் சொன்னேன்’னு சொல்லிப் பாருங்க.”

அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். காசாம்பு அலையைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள், அவளுக்குப் பின்னால் வேண்டாவும் மற்றவர்களும் இறங்கினார்கள். தூரத்தில் ஒரு படகு வந்துகொண்டிருந்தது. குனிந்து சேற்றைத் தடவியபடியே அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டார்கள். பறிகளை எல்லாரும் கயிறு போட்டு இடுப்பில் கட்டியிருந்தார்கள், ஒருத்தி பல்லிலும் எதுவும் இல்லை.